பெரியவள் பெயரில் ஒரு நோய்

அம்மாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைப் பெரியவளே என்றும் இளையவளைச் சின்னவளே என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதுவே அவர்களுக்குப் பெயராக நின்றுவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே நெற்றி, ஒரே மூக்கு, சிரித்தால் ஒரே பக்கம் விழும் குழி. சின்னவளுக்கு நிறம் மட்டும் கொஞ்சம் தூக்கல். "ஒரே அச்சுதான். முதல் தடவை அவசரத்துல வார்த்துட்டாரு, ரெண்டாவது தடவை நிதானமா வார்த்தாரு" என்று அம்மா கடவுளைப் பற்றிச் சொல்வாள். பெரியவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதும் சொல்வாள்.

பெரியவள் கல்யாணமான கையோடு வெளிநாட்டுக்கு வந்தவள். கணவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இவளுக்குப் பல்செட் செய்யும் ஒரு லேபில் வேலை. நகரத்துப் பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்துத் தட்டில் வைத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி ஈறின் வடிவத்தை எடுத்து, அதன்மேல் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, ஒரே சீராக இருந்தால் பொய்ப் பல் என்று தெரிந்துவிடும் என்பதால் முன்பல் ஒன்றை மட்டும் சற்றே திருப்பி வைப்பாள். அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர்களை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. வெள்ளைத் தூசி தலைமுடியில், புருவத்தில், சாப்பாட்டு டப்பாவின் மூடியில் எல்லாம் படியும். "உனக்கு நரைச்சா யாருக்கும் தெரியாது, அது ஒரு வசதி" என்பார் கணவர்.

சம்பளம் அள்ளிக்கொண்டு போகிற அளவுக்கெல்லாம் இல்லை. ஆனால் லேபின் முதலாளி பழைய காலத்து மனுஷர். வேலை செய்கிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் நல்ல மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தார். பிறந்த மண்ணை விட்டு வந்து பிழைப்பவர்களுக்குத்தான் அந்த இன்சூரன்ஸ் அட்டையின் அருமை தெரியும். விசா ஒரு உயிர் என்றால் அது இன்னொரு உயிர். கணவருக்குச் சர்க்கரை. அவருடைய மாத்திரை, ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை எல்லாம் பெரியவளின் அட்டையிலேயே ஓடின. குழந்தை வேண்டும் என்று ஒரு காலத்தில் செய்துகொண்ட வைத்தியமும் அதில்தான். அது மட்டும் பலிக்கவில்லை.

சின்னவள் இந்த ஊருக்கு வந்தது பிறகு. கூடவே கணவரும் கைக்குழந்தையும். அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளை என்றால் அது சின்னவளின் கணவரைத்தான் குறிக்கும். பெரியவளின் கணவர் கல்யாணத்தன்று ஒருநாள் மாப்பிள்ளையாக இருந்துவிட்டு, மறுநாளிலிருந்து வெறும் 'அவர்' ஆகிவிட்டார். மாப்பிள்ளைக்குக் கணக்கு எழுதும் வேலை, அதுவும் ஒப்பந்தத்தில். இன்சூரன்ஸை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதில்தான் சிக்கல். சின்னவளுக்கு ஊரில் இருந்தபோதே தைராய்டில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. கழுத்தடியில் மெல்லிய சங்கிலி கிடப்பதுபோல ஒரு தழும்பு; வெளியே போகும்போது துணி சுற்றி மறைத்துக்கொள்வாள். நோய் போய்விட்டது என்றார்கள் டாக்டர்கள். போனது திரும்பி வருகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் ஸ்கேனும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். மாப்பிள்ளை விசாரித்த இன்சூரன்ஸ் கம்பெனிகள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடின. ஏற்கெனவே இருக்கிற நோய்க்குச் சல்லிக்காசு கிடையாது; மற்றதற்கு வேண்டுமானால் இரண்டு மடங்கு கட்டிவிட்டுச் சேரலாம். முதல் தடவை கைக்காசு போட்டுப் பரிசோதனை செய்தார்கள். பில் அவர்கள் வீட்டு வாடகையைத் தாண்டியது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே சின்னவள் உட்கார்ந்துவிட்டாளாம்.

அதற்கடுத்த வாரம் அம்மா போனில் பெரியவளைப் பிடித்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"ரெண்டு பேரையும் ஒரே வயித்துலதானே சுமந்தேன்? உன் அட்டைல அவ காட்டிக்கிட்டா குடியா முழுகிடும்? அதுல இருக்கிற போட்டோவைப் பார்த்தா நீயா அவளான்னு பெத்த எனக்கே தெரியாது."

பெரியவள் மாட்டேன் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கணவரிடம் சொன்னபோது அவர் குரலை உயர்த்தவில்லை. "அட்டையும் உன்னோடது, தங்கச்சியும் உன்னோடவ. நடுவுல நான் யாரு? ஆனா இது சட்டையை மாத்திப் போட்டுக்கிற மாதிரி இல்ல. வேணாம்னா கழட்டித் திருப்பிக் கொடுக்க முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷிப்ட்டுக்குக் கிளம்பினார்.

கடைசியில் பெரியவளை அசைத்தது அம்மாவின் பேச்சு அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் குழந்தையோடு வந்து அடுக்களை ஸ்டூலில் உட்கார்ந்தாள். அட்டையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "இனிமே டெஸ்ட்டே வேணாம்னு விட்டுட்டேன்கா. வந்தா வரட்டும். பாக்கறதுக்குக் காசில்லன்னா பாக்காம இருக்க வேண்டியதுதான்" என்று குழந்தையின் வாயைத் துடைத்தபடி சொன்னாள். பெரியவள் கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து மேடைமேல் வைத்தாள். சின்னவள் அதை உடனே எடுக்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்த பிறகுதான் எடுத்தாள்.

முதல் தடவை பெரியவளும் கூடப் போனாள். துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன கிளினிக் அது. சின்னவள் அக்காவின் பிறந்த தேதியை உதட்டுக்குள் உருப்போட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் கதவைத் திறந்து பெரியவளின் பெயரை உரக்கக் கூப்பிட்டாள். பெரியவள் எழுந்துவிட்டாள். பெயரைக் கூப்பிட்டால் எழுந்துதானே பழக்கம். சின்னவள் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டு, தான் எழுந்து போனாள். போகிற போக்கில் திரும்பிச் சிரிக்கவும் செய்தாள். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே தன் பெயரில் ஒருத்தி காலர் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது உடம்பு என்னவோபோல் ஆயிற்று.

பழைய ரிப்போர்ட்டுகள் வீடு மாற்றும்போது தொலைந்துவிட்டன என்று சின்னவள் டாக்டரிடம் அடித்துவிட்டாள். தழும்பைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? டாக்டர் நம்பினார். அட்டையில் இருந்த போட்டோவை அன்றைக்கும் சரி, பிறகும் சரி, ஒருவரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. பரிசோதனை நாளும் முடிவும் பெரியவளின் போனுக்குத்தான் வரும். மெழுகு மேசையில் யாருடைய கடைவாய்ப்பல்லையோ நட்டுக்கொண்டிருக்கும்போது போன் அதிரும். அவள் பெயரைப் போட்டு, உங்கள் பரிசோதனை முடிவு வந்துவிட்டது என்று இருக்கும். கையுறையைக் கழற்றுவதற்குள் அடிவயிறு கலங்கிவிடும். இது தனக்கு இல்லை, தங்கைக்கு என்று மனசுக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது. எண்களைப் படித்து, போன தடவையோடு ஒப்பிட்டு, நல்லபடியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சின்னவளுக்குப் போன் போடுவாள். "அப்பாடா" என்பாள் சின்னவள். வரவர அந்த அப்பாடாவும் குறைந்து "சரிக்கா" ஆயிற்று. பிறகு, அந்த கிளினிக்கில் வண்டி நிறுத்த இடமே இல்லை, உன் இன்சூரன்ஸில் வேறு நல்ல ஆஸ்பத்திரி எதுவும் வராதா என்ற குறையும் சேர்ந்துகொண்டது.

பெரியவளுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. பஸ்ஸில் போகும்போது, விரல் தானாகப் போய்க் கழுத்தைத் தடவும். "ஏன் எப்பப் பாத்தாலும் கழுத்துலயே கை?" என்று கணவர் ஒருநாள் கேட்டார். பல்லி விழுந்தாற்போல் கையை எடுத்தாள்.

சில வருடங்கள் இப்படிக் காதும் காதும் வைத்தாற்போல் ஓடின. பிறகு முதலாளிக்கு வயதாகிவிட்டது என்று லேபை ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றார். புது முதலாளிகள் புது இன்சூரன்ஸ் கொண்டுவந்தார்கள். எல்லோருடைய பழைய மருத்துவ விவரங்களும் பழைய கம்பெனியிலிருந்து புதிய கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன.

ஒருநாள் மேனேஜர் அவளை அறைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்தார். இத்தனை நாள் இதை ஒரு வார்த்தை வெளியே சொல்லாமல், ஒருநாள் லீவுகூடப் போடாமல் வேலை பார்த்திருக்கிறீர்களே, எவ்வளவு மனதைரியம் என்றார். பெரியவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தண்ணீரைக் குடிக்காமல் மேசைமேல் வைத்தாள். மேனேஜர் தொடர்ந்தார். புது இன்சூரன்ஸில் அவளைச் சேர்த்துக்கொள்வார்கள், கவலை வேண்டாம். ஆனால் புற்றுநோயும் அது சம்பந்தப்பட்ட எதுவும் அதில் வராது. அவளைப் போன்றவர்களுக்கு மாதாமாதம் கூடுதலாகக் கட்ட வேண்டியதை அவள் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

எப்படியோ விஷயம் லேபுக்குள் கசிந்தது. மறுநாள் அவள் மேசையில் யாரோ பூங்கொத்து வைத்திருந்தார்கள். மாவு கரைக்கிற பெண் வந்து கட்டிக்கொண்டு அழுதாள். அவளுடைய பெரியம்மா அந்த நோயில்தான் போனாளாம். பெரியவள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அழுகிறவளுக்கு ஆறுதல் சொல்வதா, இது பொய் என்று சொல்வதா? சொல்லத்தான் வழி ஏது? சொன்னால் மோசடி. அட்டையும் போகும், வேலையும் போகும். நோயில்லாத நோயாளியாக, எல்லோருடைய இரக்கத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, மெழுகைச் சூடாக்க ஆரம்பித்தாள்.

சம்பளப் பிடித்தத்தைப் பற்றிச் சின்னவளிடம் சொன்னபோது, நாங்கள் தந்துவிடுகிறோம் என்றார் மாப்பிள்ளை. மூன்று நான்கு மாதம் தந்தார். அப்புறம் "இந்த மாசம் கொஞ்சம் டைட்டு அண்ணி" என்றார். அதற்கப்புறம் அவர் சொல்லவும் இல்லை, இவள் கேட்கவும் இல்லை. கூடப்பிறந்தவளிடம் பில்லை நீட்டுவதற்கு அவளுக்குக் கை வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளைக்கு நல்ல காலம் பிறந்தது. ஒரு பெரிய கம்பெனியில் நிரந்தர வேலை. அந்தக் கம்பெனி இன்சூரன்ஸில் ஒரு கேள்வி கிடையாது, முதல் நாளிலிருந்தே எல்லா நோயும் அடங்கும். சின்னவள் ஊர் ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு சொந்தப் பெயரிலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். இடையில் உள்ள வருடங்களுக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொண்டேன் என்று சொன்னாளாம். போன் பண்ணி, "இனிமே அட்டைக் கவலையே இல்லக்கா, உனக்குப் பெரிய தொல்லை விட்டுச்சு" என்றாள்.

தொல்லை விட்டது அவளுக்கு. நோய் மட்டும் பெரியவள் பெயரிலேயே தங்கிவிட்டது.

ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. குளிக்கும்போது இடது மார்பின் பக்கவாட்டில் ஏதோ தட்டுப்பட்டது. பட்டாணி அளவு, அழுத்தினால் நகராமல் நின்றது. சோப்பைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் தடவிப் பார்த்தாள். இருந்தது. சில நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, அது தானாகப் போய்விடும் என்று எதிர்பார்த்து, கடைசியில் கணவரிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலேயே கை கழுவினார். "நாளைக்கே போ" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நடுத்தர வயது டாக்டரம்மாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஊசியால் சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், பயாப்ஸி, தள்ளிப்போட வேண்டாம் என்றாள். இன்சூரன்ஸுக்கு எழுதிக் கேட்டார்கள். மறுநாளே பதில் வந்தது. இவர் ஏற்கெனவே புற்றுநோயாளி; இது அதைச் சேர்ந்ததாக இருக்கலாம்; பணம் கிடையாது.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மாள் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய கதையை முழுதாகப் படித்தாள். பிறகு எழுந்து வந்து பெரியவளைப் படுக்கவைத்துக் கழுத்தைத் தொட்டாள். ஒரு பக்கம், மறு பக்கம். எச்சிலை விழுங்கச் சொன்னாள். விளக்கை அருகில் இழுத்து மறுபடியும் பார்த்தாள்.

"உங்களுக்குத் தைராய்டை எடுத்தாச்சுன்னு இங்க இருக்கு. ஆனா அது அங்கதான் இருக்கு" என்றாள்.

பெரியவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கண்ணோரம் வழிந்த தண்ணீர் காதுக்குள் போயிற்று. டாக்டரம்மாள் அவசரப்படுத்தவில்லை. நர்ஸை வெளியே அனுப்பினாள். பிறகு, திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை, நிலைமையைச் சொன்னாள். இந்த விவரத்தை நம்பி நாளைக்கு ஒருவர் அவளுக்கு மருந்து கொடுத்தால் அது அவள் உயிருக்கே உலை வைக்கலாம். இந்தப் பதிவு வேறொருத்தியுடையது என்று தெரிந்த பிறகு எழுதாமல் இருக்க டாக்டரால் முடியாது. இன்றைக்கு எதுவும் எழுதவில்லை, அடுத்த தடவை எழுதித்தான் ஆக வேண்டும்; அதற்குள் நீங்களே போய் இன்சூரன்ஸ் கம்பெனியில் சொல்லிவிடுவது உங்களுக்கு நல்லது என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சின்னவள் வீட்டுக்குப் போனாள். புது வேலைக்குப் பிறகு அவர்கள் லிப்ட் வைத்த கட்டடத்துக்குக் குடிபோயிருந்தார்கள். மாப்பிள்ளை டிவியின் சத்தத்தைக் குறைத்தார், அணைக்கவில்லை. பெரியவள் நடந்ததைச் சொல்ல, சின்னவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லித்தான் ஆகணும்டி. உன் பேரை இழுக்காம எப்படிச் சொல்றதுன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றாள் பெரியவள்.

"எப்படிச் சொன்னாலும் என்கிட்டதானேக்கா வந்து நிக்கும்? இவர் வேலை போயிடும். ஊரை விட்டே அனுப்பிடுவாங்க."

"எனக்குக் கட்டி இருக்குடி."

"கட்டின்னா எல்லாமே அதுவா? எனக்கு வந்தப்போ நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். உனக்கு இன்னும் என்னன்னே தெரியல."

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் விட மாட்டேங்கிறாங்க. உனக்கு வந்ததை எனக்கு வந்ததா எழுதி வெச்சிருக்கு."

சின்னவள் பின்னலின் நுனியில் ரப்பர் பேண்டை மாட்டினாள். மாப்பிள்ளை உள்ளே போய் ஒரு கவரோடு வந்தார். அண்ணிக்கு இந்த நேரத்தில் உதவாமல் வேறு எப்போது உதவுவது என்று ஆரம்பித்தவர், "கடனா நெனச்சுக்கங்க, மெதுவா திருப்பித் தந்தா போதும்" என்று முடித்தார்.

பெரியவள் கவரைத் தொடவில்லை. மாதாமாதம் தன் சம்பளத்திலிருந்து போனதை மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். அதைவிட அந்தக் கவர் மெலிசாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். லிப்ட் வரைக்கும் சின்னவள் பின்னாலேயே வந்தாள். ஏதோ நல்ல வார்த்தை சொல்லத்தான் வருகிறாள் என்று பெரியவள் திரும்பினாள். "அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லிட்டு இருக்காத. பிபி ஏறிடும்" என்றாள் சின்னவள்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அம்மாவே கூப்பிட்டுவிட்டாள். தங்கையின் வாழ்க்கையைக் கெடுக்கக் கிளம்பிவிட்டாயாமே என்றுதான் பேச்சே தொடங்கியது. பெரியவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். கட்டி, பயாப்ஸி, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கேட்டாளா என்றே தெரியவில்லை.

"அவளுக்குப் பச்சப் புள்ள இருக்கு. அவளுக்கு ஒண்ணுன்னா அது தெருவுல நிக்கும். உனக்கென்ன, புள்ளையா குட்டியா?"

பெரியவள் போனை வைத்துவிட்டாள். அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது அவள் போனை வைத்தது அதுதான் முதல் தடவை. கணவர் அடுப்படியில் நின்றிருந்தார். போனின் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். அடுப்பை அணைத்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், கொஞ்சம் ஆறியும் இருக்கும். அவர் சொல்லவில்லை. "நாளைக்கு லீவு போடறேன். சேர்ந்தே போவோம்" என்றார்.

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அவர்களைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன மேசையில் உட்காரவைத்தார்கள். ஜலதோஷத்தோடு ஒரு இளம்பெண் அதிகாரி. மூக்கைத் துடைப்பதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டாள். பெரியவள் வழியெல்லாம் ஒரு கதையைத் தயார் செய்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, பாவப்பட்டவள், அட்டையைக் கொடுத்தேன், அவள் இப்போது இந்த நாட்டிலேயே இல்லை. அதைச் சொல்லவும் செய்தாள். அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டு, கடைசியில் தலையை ஆட்டினாள். அப்படியெல்லாம் ஒரு நோயை அழித்துவிட முடியாது என்றாள். உங்களிடமிருந்து எடுப்பதென்றால் அது யாருடையது என்று காட்ட வேண்டும், அவர் பெயரில் வைக்க வேண்டும். ஆள் இல்லாமல் நோய் மட்டும் அந்தரத்தில் நிற்க முடியாது. பெயர் தெரியாவிட்டால் அது உங்களுடையதுதான்.

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவளுக்குப் பின்னலில் ரப்பர் பேண்ட் மாட்டிய அந்த விரல்கள் ஞாபகம் வந்தன. புள்ளையா குட்டியா என்ற குரல் வந்தது. சின்னவளின் முழுப் பெயரையும், அவள் கணவர் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். வீட்டு விலாசத்தைச் சொன்னாள். அதிகாரி கேட்காததையும் சொன்னாள்: மாப்பிள்ளையின் கம்பெனி எது, சின்னவள் இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு நொடி இனித்தது, அதை மறைப்பதற்கில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் கணவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

உண்மையைச் சொன்னதற்கு உண்டான கூலி கிடைத்தது. நோய் பெரியவள் பெயரிலிருந்து நீங்கியது. கூடவே இன்சூரன்ஸும் நீங்கியது, அவளுக்கும் கணவருக்கும். போலீசுக்குப் போகாமல் விடுகிறோம் என்று பெரிய மனசு பண்ணி, சின்னவளுக்காகப் பழைய கம்பெனி கொடுத்த பணம் அத்தனையையும் தவணையில் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். லேபில் வேலையை மட்டும் பறிக்கவில்லை. பல் நடுகிறவர்கள் சுலபத்தில் கிடைக்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்குக் கட்டிக்கொண்டு அழுத பெண் இப்போது அவள் மேசைப் பக்கமே வருவதில்லை. கேன்சர் என்று பொய் சொல்லி எல்லோரையும் ஏமாற்றியவள் என்று ஆகிவிட்டது. நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லையே என்று யாரிடம் போய்ச் சொல்வது? அவர்களுடைய பூங்கொத்தை வாங்கிக்கொண்டது உண்மைதானே.

விஷயம் மாப்பிள்ளையின் கம்பெனிக்கும் எட்டியது; அவரை வேலையை விட்டு நீக்கவில்லை. விசாரணை என்று இழுத்தடித்து, தானாகவே போய்விடும்படி செய்துவிட்டார்கள். மறுபடியும் ஒப்பந்த வேலை. லிப்ட் வைத்த கட்டடத்தைக் காலி செய்துகொண்டு ஊரின் மறுகோடிக்குப் போனார்கள். அம்மா பெரியவளோடு பேசுவதை நிறுத்தினாள்.

பயாப்ஸிக்கு ஊரில் வாங்கிப்போட்டிருந்த மனையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். முடிவைச் சொல்லும்போது டாக்டரம்மாள் முதலில் சிரித்தாள். புற்றுநோய் இல்லை. பெரியவள் கணவரின் கையைப் பிடித்தாள். ஆனால் என்று டாக்டரம்மாள் தொடர்ந்தாள். அந்தக் கட்டியில் சில செல்கள் சரியில்லை. கட்டியை எடுத்துவிடலாம். எடுத்த பிறகும், நாளைக்கு அது வேறு மாதிரி மாறாது என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், பல வருடத்துக்கு.

வெளியே வந்ததும் கணவர், "நல்ல செய்திதானே" என்றார். "நல்ல செய்திதான்" என்றாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஆறு மாதமும் கைக்காசுதான். எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. செல்கள் சரியில்லாதவள், போதாக்குறைக்கு மோசடி செய்தவள். கணவர் வாரத்தில் இரண்டு ஷிப்ட் கூடுதலாக எடுத்தார். ஒருநாள் காலையில் அவர் சர்க்கரை மாத்திரையைக் கத்தியால் பாதியாக வெட்டி, மிச்சத்தைத் திரும்ப டப்பாவில் போடுவதைப் பார்த்தாள். "டாக்டர் குறைக்கச் சொன்னாரா?" என்று கேட்டாள். "நானே குறைச்சுக்கிட்டேன். சுகர் கன்ட்ரோல்ல இருக்கு" என்றார். டாக்டரைப் பார்த்தே எத்தனை மாதமாயிற்று என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் அந்த மிச்சப் பாதியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அவர் விழுங்குகிற வரைக்கும் எதிரில் நின்றாள்.

சின்னவளை அவள் மறுபடியும் பார்த்தது ஒரு சூப்பர் மார்க்கெட்டில். காய்கறிப் பக்கம், மலிவு விலைக் கூடையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்திருந்தார்கள். சின்னவள் இளைத்திருந்தாள். கழுத்தைச் சுற்றித் துணி எதுவும் இல்லை. தழும்பு வெளியே தெரிந்தது. இப்போது மறைக்க என்ன இருக்கிறது? கொஞ்ச நேரம் இருவரும் காயையே புரட்டினார்கள். சின்னவள்தான் முதலில் பேசினாள்.

"ரிசல்ட் என்ன வந்துச்சு?"

"கேன்சர் இல்ல."

சின்னவள் கையில் இருந்த முட்டைக்கோசைக் கீழே வைத்தாள். "இல்லாத ஒண்ணுக்கா எங்க குடியைக் கெடுத்தே?"

செல்களைப் பற்றி, ஆறு மாதத்தைப் பற்றி, பாதி மாத்திரையைப் பற்றிச் சொல்லத்தான் பெரியவள் வாயைத் திறந்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? வந்தது வேறு கேள்வி.

"நீ செக்கப் போனியா?"

"எந்த அட்டைல போறது?" என்றாள் சின்னவள். தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பெரியவள் பணம் கட்டிவிட்டு வெளியே வந்தபோது, கணவர் நிழலில் நின்றுகொண்டிருந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். கூட்டம் என்றாள். பையை வாங்கிப் பார்த்துவிட்டு, தக்காளி வாங்கவில்லையா என்றார். "விலை ஏறிடுச்சுங்க" என்றாள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். இருவரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.